வைத்தியசாலையில் மருத்துவஞ் செய்யும் உரிமை: அதனை அளக்கும் நேரிய கோல்

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்பர் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தவிடத்து மருத்துவம் நிறைவெய்தும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிபாகும். இக்காலத்தில் இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையுஞ் சேர்த்தெண்ணல் வேண்டும். அதுவே வைத்தியசாலை. சத்திரசிகிச்சைக் கூடமும், இரத்த வங்கியும், கதிர்ப்படக் கருவியும், பயிற்சி பெற்ற தாதியரும் இல்லாதவிடத்து, எத்துணைக் கற்ற மருத்துவரும் தம் கல்வியின் பெரும்பகுதியைப் பயன்படுத்த இயலாதவராகின்றார். வைத்தியசாலையின் கதவு எவருக்குத் திறக்கின்றதோ அவரே முழு மருத்துவர். எவருக்கு அடைக்கப்படுகின்றதோ அவர் கையிழந்த சிற்பியை ஒப்பர்.

அக்கதவைத் திறப்பவர் யாவர்? எவ்வளவுகோல் கொண்டு திறக்கின்றனர்? அக்கோல் நேரிதோ கோணியதோ என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாக்களை மருத்துவர்தம் தொழிற்பூசல் என்று பொதுமக்கள் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கட்டிலிற் கிடக்கும் நோயாளி தன் மருத்துவரின் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில்லை. கேட்டாலும் அதனை மதிப்பிடும் அறிவு அவனுக்கில்லை. அவன்பொருட்டு அதனைப் பார்க்க வேண்டியது வைத்தியசாலையே. ஆதலின் இஃது எல்லார்க்கும் உரிய பொருளென்று கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மூன்று வாயில்கள்

ஒரு மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்பதற்கு முன்னர் மூன்று வாயில்களைக் கடத்தல் வேண்டும்.

முதலாவது வாயில் பதிவு. இஃது அரசின் சட்டத்தால் அமைவது. நம் நாட்டில் 1927-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் தம் பெயர் இடம்பெறாத எவரும் மேனாட்டு மருத்துவமுறைப்படி வைத்தியஞ் செய்தல் ஆகாது. இரண்டாவது வாயில் சேர்க்கை. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரைக் குறித்த வைத்தியசாலையொன்று தன் மருத்துவர் குழுவில் ஏற்றுக்கொள்வது இது. மூன்றாவது வாயில் செயலுரிமை. ஏற்றுக்கொள்ளப்பட்டவர் அங்கே இன்ன இன்ன சிகிச்சைகளைச் செய்யலாம், இன்னவற்றைச் செய்யலாகாது என வரையறுப்பது.

இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பல மயக்கங்கள் விளைகின்றன. பதிவென்பது ‘இவர் மருத்துவர்’ என்று மட்டுமே சொல்லும். ‘இவர் ஈரலை அறுக்க வல்லவர்’ என்று அது சொல்லாது. வாகனம் ஓட்டும் அனுமதி பெற்றார் அனைவரையும் மலைப்பாதையிற் பேருந்து செலுத்த நாம் விடுவதில்லையன்றோ?

மூன்றாவது வாயிலைக் காவாத வைத்தியசாலைக்கு நேர்ந்ததை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து வழக்கொன்று காட்டும். 1960-இற் பந்தாட்டத்திற் கால் முறிந்த பதினெட்டு வயது மாணவன் ஒருவன் சார்ள்ஸ்டன் நகர வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். அன்று கடமையிலிருந்த பொது மருத்துவர் எலும்பைப் பொருத்திக் கட்டுப் போட்டார். கட்டு இறுகி இரத்தவோட்டம் தடைப்பட்டது. விரல்கள் வீங்கிக் கருத்தன, துர்நாற்றமும் எழுந்தது. எலும்பு மருத்துவ நிபுணர் ஒருவரை அழைக்குமாறு எவரும் வற்புறுத்திலர். இறுதியில் அவன் காலை முழங்காலுக்குக் கீழே துணிக்க நேர்ந்தது. ‘மருத்துவர் தவறிழைத்தால் நாம் என் செய்வோம்? நாம் இடமுங் கருவியும் கொடுப்பவர் மாத்திரமே’ என்பது வைத்தியசாலைகளின் பழைய வாதம். 1965-இல் அம்மாநில உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தன் கூரையின் கீழ் நடைபெறும் மருத்துவத்தைக் கண்காணிக்குங் கடமை வைத்தியசாலைக்கு உண்டென்று அது தீர்த்தது.

அளவுகோல் பிறந்த கதை

இத்தகைய கண்காணிப்புத் தொன்றுதொட்டு இருந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பல வைத்தியசாலைகளில் எவரும் வரலாம், எதையும் அறுக்கலாம் என்ற நிலையே இருந்தது. 1913-இல் நிறுவப்பெற்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி, அந்நாட்டினும் கனடாவினும் உள்ள பெரிய வைத்தியசாலைகளை ஆராயத் தலைப்பட்டது. நூறு கட்டில்களும் அதற்கு மேலும் உடையனவாகிய 692 வைத்தியசாலைகள் ஆராயப்பட்டன. அவற்றுள் மிகக் குறைந்த தகுதியை எய்தியவை 89 மாத்திரமே. இவ்வறிக்கை 1919-இல் நியூயோர்க்கில் வைக்கப்பட்டபோது, பெயர்பெற்ற வைத்தியசாலைகள் பல தேறாதவற்றின் வரிசையில் இருந்தமையால், பத்திரிகையாளர் கைக்கு எட்டாதவாறு அப்பெயர்ப்பட்டியல் நெருப்பிலிடப்பட்டது என்பர்.

பட்டியல் எரிந்தபோதிலும் அளவுகோல் நிலைத்தது. அக்கல்லூரி வகுத்த குறைந்தபட்ச நியதிகள் ஒரு பக்கத்துள் அடங்குவன. மருத்துவர் ஓர் ஒழுங்கான குழுவாக அமைதல் வேண்டும். அவர்கள் பட்டம் பெற்றவராகவும், தத்தம் துறையில் வல்லவராகவும், ஒழுக்கத்தால் நம்பத்தக்கவராகவும் இருத்தல் வேண்டும். அவர்கள் காலந்தோறும் கூடித் தம் பணியின் பயனைத் தாமே ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் நிறைவான பதிவேடு வேண்டும். நோயறிதற்குரிய ஆய்வுகூட வசதிகள் வேண்டும். கல்வி, வன்மை, ஒழுக்கம் என்ற மூன்றையும் ஒருங்கு வைத்த இக்கோட்பாடே இன்று உலகெங்கும் வழங்கும் விதிகளுக்கு வித்தாயிற்று.

கோல் கோணும் வகை

ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் காரணமின்றி ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே தீராத துன்பந் தரும் என்று ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்திற் கூறினார் வள்ளுவர். அமைச்சரையும் ஏவலரையுந் தேரும் மன்னனுக்குச் சொன்ன அவ்வறிவுரை, மருத்துவரைத் தேரும் வைத்தியசாலைக்கும் எழுத்துப் பிசகாமற் பொருந்துகின்றது.

ஆராயாது நம்பியதன் விளைவுக்கு அவுஸ்திரேலியாவின் பண்டபேர்க் வைத்தியசாலை சான்று. தலைநகரங்களிலிருந்து தொலைவிலுள்ள அந்நகருக்குச் சத்திரசிகிச்சை மருத்துவர் கிடைப்பது அரிதாயிருந்தது. 2003-இல் அயல்நாட்டிலிருந்து ஒருவர் கிடைத்தார். விரைவிலேயே சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவரும் ஆனார். அவர் செய்யும் சத்திரசிகிச்சைகளுக்கு அமெரிக்காவின் ஒரிகன் மாநில மருத்துவ வாரியம் 2000-ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடு விதித்திருந்தது. அவர் அதனை மறைத்தார். பதிவு செய்தோர் அதனைத் தேடிப் பார்த்திலர். அவருடைய செயலுரிமையை ஆராய்ந்திருக்க வேண்டிய குழு அதனை ஒருபோதும் ஆராயவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதி ஒருவர் மீண்டும் மீண்டும் முறையிட்டும் நிருவாகம் செவிசாய்க்கவில்லை. 2005-இற் செய்தி பாராளுமன்றம் வரை சென்ற பின்னரே விசாரணை பிறந்தது. மருத்துவர் கிடைத்ததே போதும் என்ற நிலையிலுள்ள தொலைதூர ஊர்கள் யாவும் இக்கதையைத் தம் கதையாகவே கொள்ளல் தகும்.

இனி, மறுதலையான குற்றத்தைக் காண்போம். தகுதியுடையாரைத் தகுதிக்குப் புறம்பான காரணத்தால் தள்ளுதல் அது. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவிற் பிறந்து தொறொன்ரோவில் மருத்துவங் கற்ற மேரி என்னும் பெண்மணி, மிஷன் மருத்துவராகப் பணிபுரியும் நோக்கத்தோடு 1896-இல் இலங்கைக்கு வந்தார். அவர் மணந்துகொண்டவர் எஸ். சி. கே. இரட்ணம் என்னும் தமிழர். இம்மணங் காரணமாக மிஷனார் அவரைப் பணியில் ஏற்க மறுத்தனர். அவர் கற்ற மருத்துவம் மணத்தால் ஒரு துளியேனும் குறைந்ததோ? கொழும்பிலே லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையிற் சிலகாலம் பணியாற்றி, பின்னர் தனித்து மருத்துவஞ் செய்து, இந்நாட்டுப் பெண்களின் உடல்நலத்துக்கும் உரிமைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தார் டாக்டர் மேரி இரட்ணம். 1958-இல் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பெற்றது. கதவை அடைத்தவர் இழந்தது எத்துணைப் பெரிதென்பதற்கு அவ்விருதே அளவு.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இவ்வநீதி தனியொருவர் மட்டில் நில்லாது விதியாகவே விளங்கிற்று. வட கரொலைனாவிலுள்ள கிறீன்ஸ்பொறோ நகரத்தின் இரு பெரும் வைத்தியசாலைகள் அரசாங்கப் பணத்தைப் பெற்றுக் கட்டிடம் எழுப்பியவை. ஆயினும் கறுப்பின மருத்துவர்க்கு அங்கே வழக்கமான பணியுரிமை கிடைக்கவில்லை. ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்னும் பல் மருத்துவரும், பிற மருத்துவரும், நோயாளரும் 1962-இல் வழக்குத் தொடுத்தனர். பொதுப்பணத்தைப் பெற்ற வைத்தியசாலை இனத்தைப் பார்த்து மருத்துவரையோ நோயாளரையோ விலக்கலாகாது என்று 1963-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈண்டு உற்றுநோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அக்காலத்திற் பல வைத்தியசாலைகள் ‘உள்ளூர் மருத்துவச் சங்கத்தின் உறுப்பினராதல் வேண்டும்’ என்று மட்டுமே விதித்திருந்தன. அவ்விதியில் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாற் சங்கமோ கறுப்பினத்தாரைச் சேர்ப்பதில்லை. சொல்லளவில் நேரிதாகிய கோலும் பயனளவிற் கோணியதாகலாம் என்பதை இது புலப்படுத்தும்.

பிறப்பேயன்றிப் போட்டியுங் கோலைக் கோணச் செய்யும். ஒரிகன் மாநிலத்தின் அஸ்ரோறியா சிறிய ஊர்; அங்கிருந்த வைத்தியசாலையும் ஒன்றே. அவ்வூர் மருத்துவர் பெரும்பாலோர் ஒரே மருத்துவ நிலையத்தின் பங்காளிகளாக இருந்தனர். அந்நிலையத்திற் பங்காளியாகச் சேர மறுத்துத் தனித்துத் தொழில் தொடங்கிய சத்திரசிகிச்சை மருத்துவர் பற்றிக் என்பாரின் பணியுரிமையை நீக்குவதற்கு, 1981-இல் வைத்தியசாலையின் குழு ஆராய்வு நடத்திற்று. ஆராய்ந்தோரோ அவருடைய தொழிற் போட்டியாளர்கள். வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்று, 1988-இல் அவர் பக்கமே தீர்ந்தது. இதற்கிடையில், 1986-இல் அந்நாட்டுக் காங்கிரசு ஒரு சட்டத்தை இயற்றிற்று. நன்னோக்கோடு ஆராயும் மருத்துவர் குழுவுக்கு அது பாதுகாப்பு அளித்தது. அப்பாதுகாப்பைப் பெற விரும்பின், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முன்னறிவித்தலும் விசாரணையும் கொடுத்தல் வேண்டுமென்றும் விதித்தது.

நேரிய கோலின் இலக்கணம்

மேற்கூறிய வரலாறுகளை ஒருங்கு நோக்கின், ஓர் உண்மை தெளிவாகும். வைத்தியசாலையில் மருத்துவஞ் செய்யும் உரிமை, மருத்துவரின் சொத்தும் அன்று. நிருவாகத்தின் கொடையும் அன்று. நோயாளியின் நன்மைக்காக இருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கைப் பொருளே அது. சொத்தாயின் பறிக்கவே முடியாது. கொடையாயின் விரும்பியவாறு பறிக்கலாம். நம்பிக்கைப் பொருளாதலின், நோயாளியின் நன்மை வேண்டினாற் பறிக்கலாம். பிறிது எக்காரணத்தாலும் பறித்தலாகாது. இதிலிருந்து நேரிய கோலின் இலக்கணங்கள் ஆறு பிறக்கும்.

முதலாவது, நோயாளியின் நலத்தோடு தொடர்புடைய தகுதிகளை மாத்திரமே அளத்தல். கல்வி, பயிற்சி, அண்மைக்காலப் பட்டறிவு, கைத்திறன், உடல் மன நலம், ஒழுக்கம், உடன் பணியாற்றுவாரோடு ஒத்துழைக்கும் பண்பு ஆகியன அளக்கத்தக்கன. இனம், மொழி, சமயம், சாதி, பால், மணவுறவு, அரசியற் சார்பு, சங்கச் சார்பு ஆகியன அளக்கத்தகாதன.

இரண்டாவது, கோலை முன்னரே எழுதி வெளியிடுதல். ஆள் வந்து நின்றபின் வெட்டப்படும் கோல், அவருடைய உயரத்துக்கு ஒரு விரற்கடை மேலாகவே வெட்டப்படும்.

மூன்றாவது, சொன்னதை நம்பாது மூலத்திற் சென்று சரிபார்த்தல். பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தையும், முன்னர்ப் பதிவு செய்த நாட்டையும், முன்னர்ப் பணிபுரிந்த வைத்தியசாலையையும் நேரிற் கேட்டறிதல் வேண்டும். பண்டபேர்க்கில் இவ்வொன்று செய்யப்பட்டிருப்பின் ஏனைய துன்பங்கள் நிகழ்ந்திரா.

நான்காவது, உரிமையைச் செயல்தோறும் வரையறுத்தலும், குறித்த காலந்தோறும் புதுப்பித்தலும். இருபதாண்டுகளுக்கு முன் கற்றதை அதன்பின் செய்யாது விட்டவர், அதனைச் செய்யும் உரிமையை மட்டும் ஏந்தியிருத்தல் முறையன்று.

ஐந்தாவது, நடுநிலை. மருத்துவத்தை மருத்துவரே மதிப்பிட வல்லவராதலின், ஆராயுங் குழுவில் அவர்கள் இருத்தல் இன்றியமையாதது. ஆயின் ஆராயப்படுவாரோடு வருவாய்ப் போட்டியோ பகையோ உறவோ உடையார் விலகுதல் வேண்டும். சிற்றூரில் நடுநிலையாளர் கிடையாராயின் வெளியூரிலிருந்து அழைத்தல் தக்கது.

ஆறாவது, காரணங் கூறலும், கேட்கும் வாய்ப்பளித்தலும், மேன்முறையீட்டுக்கு இடந்தருதலும். நோயாளிகளுக்கு உடனடித் தீங்கு நேருமென்று அஞ்சுமிடத்து உரிமையை இடைநிறுத்தலாம். ஆயின் அவ்விடைநிறுத்தத்தைத் தொடர்ந்து விசாரணை விரைந்து வருதல் வேண்டும்.

நம் நாட்டு நிலை

இலங்கையில் வைத்தியசாலைகளிற் பெரும்பாலான அரசினுடையன. உள்ளகப் பயிற்சி முடித்துப் பதிவு பெற்ற மருத்துவரை நியமிப்பது சுகாதார அமைச்சு. 1980-இல் நிறுவப்பெற்ற பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகம் நிபுணர்க்குரிய தகுதியைச் சான்றுபடுத்துகின்றது. ஆதலின் எம்பிலிப்பிட்டிய மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும் முதலிரு வாயில்களும் ஒன்றே. இது பெரும் நன்மை. ஓர் ஊரின் விருப்பு வெறுப்புக்கு நியமனம் இரையாகாது தடுக்கின்றது. ஆயின் நியமனக் கடிதம் ‘இவர் தகுதியுடையார்’ என்று கூறுமேயன்றி, ‘இவ்வைத்தியசாலையின் இவ்வசதிகளோடு இன்ன செயலை இவர் செய்யலாம்’ என்று தானே கூறமாட்டாது. மயக்கமருந்து நிபுணர் இல்லாத நாளிற் சத்திரசிகிச்சை நிபுணரின் செயலுரிமை சுருங்கவே செய்யும். அஃது அவர் குறையன்று, இடத்தின் குறை. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து மருத்துவர் பலர் நாட்டைவிட்டு நீங்கிய நிலையில், மூன்றாவது வாயிலைப் பற்றிய சிந்தனை தொலைவூர் வைத்தியசாலைகளுக்கு மிகவும் வேண்டுவதாகும்.

கோலை முன்னரே எழுதாமை எத்துணைத் துன்பந் தரும் என்பதை மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி வழக்கு நமக்கு உணர்த்திற்று. அந்நிறுவனத்துக்கு 2011-இல் அரசாங்கம் பட்டம் வழங்கும் அதிகாரத்தை அளித்தது. பட்டம் பெற்றவரைப் பதிவு செய்ய மருத்துவச் சபை மறுத்தது. பதிவு செய்ய வேண்டுமென்று 2017 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்டளையிட்டது. 2018 செப்டெம்பரில் உயர்நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திற்று. மருத்துவக் கல்விக்குரிய குறைந்தபட்ச நியதிகள் சட்டவிதிகளாக வர்த்தமானியில் வெளிவந்ததோ 2018-இலேயே. தனியார் மருத்துவக் கல்வி நன்றா தீதா என்பது வேறு வினா. கோல் எழுதப்படாதிருந்தமையால், இளைஞர் பலர் ஆண்டுக்கணக்கில் வாயிலில் நின்றனர். வேலைநிறுத்தங்களால் நோயாளரும் வாடினர். இரு சாராருக்கும் அது பொதுவான இழப்பு.

இவ்வாயில்களெவையும் காக்கப்படாத ஓரிடம் நெடுங்காலம் இந்நாட்டில் இருந்தது. அதுவே தோட்டம். 1872-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டமும், 1912-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்றே இயற்றப்பட்டவை. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மலைகளிலும் பிற மலைகளிலும் லயன்களில் வாழ்ந்த நம் மக்களின் அன்றாட மருத்துவம் தோட்டத்து மருந்தாளர் ஒருவரின் கையிலேயே தங்கிற்று. அவருள் நற்றொண்டர் பலர் இருந்தனர். நள்ளிரவில் விளக்கேந்தி மலையேறியவரும் இருந்தனர். குறை அவர்பாலதன்று. அவர் எதனைச் செய்யலாம், எவ்விடத்து நிறுத்தி நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதை வரையறுத்துக் கண்காணிப்பார் இல்லாமையே குறை. அவரை நியமித்ததும் சம்பளங் கொடுத்ததும் தோட்ட நிருவாகமாதலின், நோயாளிக்கு ஓய்வு வேண்டுமா வேலை வேண்டுமா என்ற தீர்ப்பிலும் நடுநிலை எளிதாக இருந்திராது. 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி அதன்பின் படிப்படியாகவே நடைபெற்று வந்துள்ளது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘உயர்ந்த கோலை வைத்தால் மலைநாட்டுக்கும் தொலைவூருக்கும் மருத்துவரே வரமாட்டார், இல்லாத நிபுணரினும் இருக்கும் உதவியாளர் மேலன்றோ?’ என்பர். இத்தடையைப் புறக்கணித்தல் இயலாது. எனினும் அது இரண்டு பொருள்களை ஒன்றாகக் குழப்புகின்றது. சிறிய வைத்தியசாலையிற் செய்யப்படும் செயல்களின் எண்ணிக்கை குறையலாம். செய்யப்படும் ஒவ்வொரு செயலின் தகுதி குறையலாகாது. காயத்துக்குத் தையலிடுதல், மகப்பேறு பார்த்தல், நீரிழிவுக்கு மருந்தளித்தல் ஆகியவற்றைத் தோட்டத்திற் செய்பவரும் நகரத்திற் செய்பவரும் ஒரே கோலால் அளக்கப்பட வேண்டியவரே. அக்கோலுக்கு எட்டாத செயலை அங்கே செய்யாது, விரைந்து அனுப்பும் வழியை வகுத்தல் வேண்டும். வறியவனுக்கென்று குறுகிய கோல் ஒன்றை வெட்டுவது இரக்கம்போலத் தோன்றினும் உண்மையில் வஞ்சனையே ஆகும். அவனுக்கு வேண்டியது குறுகிய கோலன்று. நோயாளர் வண்டியும் நல்ல பாதையும் ஆகும்.

மருத்துவத்துறையை நாடிப் பயிலும் மாணவர் பலரை நம் கல்லூரிகள் இன்று உருவாக்கி வருகின்றன. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் பிள்ளைகளும் அவர்களுள் உளர். அவர்கள் ஒருநாள் இவ்வாயில்களின் முன் விண்ணப்பதாரராக நிற்பர். பின்னொருநாள் வாயில் காப்போராகவும் அமர்வர். நிற்கும்பொழுது, தம்மை அளப்பவர்மேற் சினங்கொள்ளாது, நேரிய கோலைக் கேட்டுப் பெறும் உரிமையை உணர்வாராக. அமரும்பொழுது, வந்து நிற்பவரின் முகத்தையும் பெயரையும் நோக்காது, உள்ளே கட்டிலிற் கிடக்கும் நோயாளியை நோக்கி அளப்பாராக. கோல் அவன்பொருட்டே உண்டாயிற்று.